முட்டியை விற்கத் தெரிந்தவர்களுக்குச் சீழைப் பார்க்கத் தெரியாதா?

உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறிப் பொள்ளாச்சி வழியாகக் கோவைக்குப் போகிற எவரும் பார்த்திருப்பார். தென்னை மரங்களுக்கும் மேலே தலை தூக்கி நிற்கின்றன ஆஸ்பத்திரி விளம்பரப் பலகைகள். தேய்ந்த முட்டிக்குப் புது முட்டி! வலி பறந்து போகும்! மாடிப்படி ஏறலாம், மருதமலை ஏறலாம்! பலகையில் ஒரு வெள்ளைக் கோட்டு, பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு பாட்டி.

புது முட்டி என்பது பொய்யல்ல. அதை இகழ நாம் வரவில்லை. முப்பது வருஷம் ரிங் பிரேமுக்கு முன்னால் நின்றவர்களுக்கும், குத்த வைத்துக் களை எடுத்தே காலம் கழித்தவர்களுக்கும் முட்டி தேய்கிறது. அந்தத் தேய்மானத்துக்கு விஞ்ஞானம் கண்ட பரிகாரம் அது. மனிதகுலத்தின் நல்ல சாதனைகளில் ஒன்று. அது நமக்கும் வேண்டும். ஆனால் அந்தப் பலகைகளில் எந்த மூலையிலும் எழுதாத சங்கதி ஒன்று உண்டு. வைத்த முட்டியில் கிருமி புகுந்து சீழ் பிடித்தால் என்ன செய்வது? யார் பார்ப்பது? யார் பணம் கட்டுவது?

நல்ல ஆஸ்பத்திரியில், நல்ல டாக்டர் கையில் செய்தாலும் நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இது வருகிறது. நூற்றில் ஒன்றுதானே என்று கணக்குப் பிள்ளை சொல்லக்கூடும். அந்த ஒருவராக இருப்பவரை நேரில் பார்த்துவிட்டு அவர் அதைச் சொல்லட்டும்.

நாம் பார்த்தோம். அமராவதிப் பாசனப் பகுதியில் ஒரு கிராமம். இருபத்தாறு வருஷம் நூல் மில்லில் சைடு பார்த்த அம்மா. நகையை அடகு வைத்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முட்டி மாற்றிக் கொண்டார். மூன்றாவது வாரம் தையல் ஓரத்தில் நீர் கசிந்தது. அவர் சொன்னதை அவர் வாயாலேயே கேளுங்கள்:

“தண்ணியாட்டம் கசிஞ்சுதுங்க. மாத்திரை குடுத்தாங்க, நின்னுச்சு. மறுக்கா கசிஞ்சுது. வேற மாத்திரை குடுத்தாங்க. இப்படியே நாலு மாசம் போச்சுங்க. அப்பறம் ஊசி போட்டுத் தண்ணி எடுத்துப் பாத்தாங்க. கிருமியே இல்லைன்னு சீட்டு வந்துச்சு. கிருமி இல்லீன்னா ஏனுங்க கசியுதுன்னு கேட்டேன். மாட்டுக் கொட்டாய்ல பொழங்குனா இப்படித்தான் ஆகும்னாங்க. நான் மாடே வெச்சதில்லீங்க.”

இந்த ஒரு பேச்சில் நாம் சொல்ல வேண்டியதெல்லாம் அடங்கியிருக்கிறது. நாலு மாசம் மாத்திரை. பிறகு பரிசோதனை. கிருமி இல்லை என்ற சீட்டு. கடைசியில் பழி யார் தலையில்? நோயாளி தலையில்!

வாய்க்கால் கல்லில் வழுக்கும் பாசி

கிருமி உலோகத்தில் எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால் அந்த நாலு மாசம் எவ்வளவு பெரிய குற்றம் என்பது புரியும்.

பி.ஏ.பி. வாய்க்காலில் இறங்கியவர்களுக்குத் தெரியும். தண்ணீர் வந்த புதிதில் கல் சொரசொரவென்று இருக்கும். சில வாரம் போனால் கால் வைக்க முடியாது, வழுக்கும். கல்லின் மேல் ஒரு பிசுக்குப் படலம் படிந்துவிடுகிறது. மேலே எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் அது போகாது, தேய்த்தால்தான் போகும். மாற்று முட்டியிலும் இதேதான் நடக்கிறது. தொடை எலும்பின் முனையில் கோபால்ட்-குரோமிய உலோகத் தொப்பி, கீழ் எலும்பின் மேல் ஒரு உலோகத் தட்டு, நடுவே பிளாஸ்டிக். நம் தோலிலேயே சாதாரணமாக வாழும் ஸ்டெபிலோகாக்கஸ் வகைக் கிருமி ஆபரேஷன் நேரத்தில் நாலு உள்ளே போனால் போதும். உயிருள்ள சதையில் ரத்த அணுக்கள் வந்து அதைத் தின்றுவிடும். உலோகத்தில் ரத்த ஓட்டம் ஏது? கிருமி ஒட்டிக் கொள்கிறது, பெருகுகிறது, தன்னைச் சுற்றிப் பிசுக்குப் படலம் பின்னிக் கொள்கிறது. அதற்குள்ளே பாதிக் கிருமி தூங்குகிறது. ஆண்டிபயாடிக் மருந்து வேகமாகப் பெருகும் கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். தூங்குகிற கிருமிக்கு அது அவ்வளவாக உறைக்காது. மாத்திரை சாப்பிட்டால் மேலோட்டமாக மிதப்பவை சாகும், கசிவு நிற்கும். மாத்திரை நின்றால் படலத்துக்குள் இருந்தவை திரும்ப வெளியே வரும். அந்த அம்மா சொன்ன கதை அதுதானே?

படலம் முற்றுவதற்கு முன், நோய்க்குறி தெரிந்த மூன்று நாலு வாரத்துக்குள் முட்டியைத் திறந்து, சுரண்டிக் கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றி, சரியான மருந்தும் கொடுத்தால் பலருக்கு அதே முட்டியைக் காப்பாற்றிவிடலாம். அந்தக் காலத்தைத் தாண்டினால் உலோகத்தையே பிடுங்க வேண்டும். நாலு மாசம் மாத்திரையில் ஓட்டியவர்கள் அந்த அம்மாவின் முட்டியையே ஓட்டிவிட்டார்கள்!

‘கிருமி இல்லை’ என்ற சீட்டு

அடுத்த அநியாயம் அந்தச் சீட்டு. கல்ச்சர் சோதனை என்றால் என்ன? முட்டியிலிருந்து எடுத்த நீரிலோ சதையிலோ உள்ள கிருமியைச் சோதனைக் கூடத்தில் தீனி போட்டு வளர்த்து, இன்ன ஜாதிக் கிருமி, இன்ன மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பது. நாலு மாசம் விதவிதமான ஆண்டிபயாடிக் கொடுத்துவிட்டுப் பிறகு நீரை எடுத்தால் எதை வளர்ப்பது? மிதக்கும் கிருமி அரை உயிராகக் கிடக்கிறது, மற்றது படலத்துக்குள் பதுங்கிவிட்டது. போலீஸ் வருகிறது என்று தண்டோராப் போட்டுவிட்டுச் சோதனைக்குப் போன கதை! அதனால்தான் இத்துறை டாக்டர்கள் வகுத்த விதி: உயிருக்கு ஆபத்தான காய்ச்சல் இல்லாதவரை, முதலில் மாதிரி எடு, பிறகு மருந்து கொடு, ஏற்கெனவே மருந்து ஓடினால் இரண்டு வாரமாவது நிறுத்திவிட்டு எடு. இந்த விதிக்கு என்ன செலவு? ஒரு ஊசி, ஒரு குப்பி.

ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு சோதனைகள் சிறு லேபிலும் செய்கிறார்கள். அவை உயர்ந்திருந்தால் சந்தேகப்படலாம். வேறு காரணத்துக்கும் உயரும். முட்டி நீரில் வெள்ளணு எத்தனை என்று எண்ணுவது இன்னும் உறுதியானது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சொந்த முட்டியில் சீழ் பிடித்தால் ஒரு மைக்ரோலிட்டரில் ஐம்பதாயிரம் அணு என்று காணும். மாற்று முட்டி வைத்துப் பல மாதம் ஆனவருக்கு 3,000-ஐத் தாண்டினாலே கிருமியைச் சந்தேகிக்க வேண்டும் என்று 2018-இல் வகுத்த சர்வதேச அளவுகோல் சொல்கிறது. பழைய கணக்கை வைத்துக் கொண்டு ஐயாயிரம்தானே என்று திருப்பி அனுப்பினால் அது டாக்டரின் தவறு மட்டுமா? புது அறிவை அவர் மேஜைக்குக் கொண்டு போய்ச் சேர்க்காத நிர்வாகத்தின் தவறும்தான்.

இதைவிட மலிவான ஒன்றும் உண்டு. சிறுநீரைப் பார்க்க ஒரு பட்டை இருக்கிறதே, நனைத்தால் நிறம் மாறுமே, அதே பட்டைதான்! அதில் வெள்ளணுவின் ஒரு என்ஸைமைக் காட்டும் கட்டம் உண்டு. முட்டி நீரில் ஒரு சொட்டை அதில் விட்டால் இரண்டு நிமிஷத்தில் கருநீலம் ஏறுகிறதா என்று பார்க்கலாம். அமெரிக்காவில் பார்விசி என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 2011-இல் இதை வெளியிட்டார்கள். கிருமி உள்ள நூறு பேரில் சுமார் எண்பது பேரை அது பிடித்தது. நிறம் நன்றாக ஏறியவர்களில் கிருமி இல்லாதவர் ஒருவரும் இல்லை. நீரில் ரத்தம் கலந்திருந்தால் நிறம் தெரியாது, சுழற்றித் தெளிய வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பின்னால் இதே வேலைக்கு ஆல்ஃபா-டிஃபென்சின் என்று ஒரு கிட் வந்தது. நல்ல கிட்தான், விலைதான் கூட. எதைப் பற்றி மாநாடுகளில் அதிகம் பேசியிருப்பார்கள், எதற்கு விளம்பரம் வந்திருக்கும் என்று நாம் சொல்ல வேண்டுமா? பட்டையில் லாபம் கிடையாதே!

ஆபரேஷன் செய்யும்போது ஒரே இடத்தில் ஒரு துணுக்கை எடுத்து அனுப்பினால் போதாது. ஐந்து இடத்தில் ஐந்து துணுக்கு, தனித்தனிக் கருவியால். இரண்டில் ஒரே கிருமி வந்தால் அதுதான் எதிரி. மெதுவாக வளரும் ஜாதிகளும் உண்டு. ஆகவே ஐந்தாம் நாளே தட்டைத் தூக்கிப் போடாமல் பதினாலு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். வெளியே எடுத்த உலோகத்தையும் குப்பையில் போடக்கூடாது. கோவையில் நகைத் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரிந்த கருவிதான்: அல்ட்ராசோனிக் தொட்டி. நகையில் ஒட்டிய அழுக்கை ஒலி அதிர்வால் உதிர்ப்பது போல, உலோக முட்டியைத் தண்ணீரில் போட்டு அதிரவிட்டால் பிசுக்குப் படலம் உதிர்ந்து கிருமி தண்ணீருக்கு வருகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 331 பேரிடம் செய்து 2007-இல் வெளியிட்டார்கள். சதைத் துணுக்கில் நூற்றுக்கு 61 பேரிடம் அகப்பட்ட கிருமி, இந்த முறையில் 78 பேருக்கு மேல் அகப்பட்டது. முன்பே மருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர்களிடம் வித்தியாசம் இன்னும் பெரியது: 45 எங்கே, 75 எங்கே!

ஊசி, குப்பி, பட்டை, பதினாலு நாள் பொறுமை, ஒரு தொட்டி. ‘சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது’ என்கிறவர்கள் இதில் எது கட்டுப்படியாகாது என்று சொல்லட்டும்!

பழி யார் மேல்?

மாட்டுக் கொட்டாய்க் கதைக்கு வருவோம். ‘நீங்கள் சுத்தமாக இருக்கவில்லை’ என்பது ஏழை நோயாளியின் வாயை அடைக்கும் பழைய தந்திரம். முதல் சில மாதங்களில் வரும் கிருமி பெரும்பாலும் ஆபரேஷன் மேஜையில் புகுந்தது. வருஷங்கள் கழித்து வருவது ரத்தத்தின் வழியாக வரலாம்: சொத்தைப் பல், பித்தவெடிப்புப் புண், மூத்திரக் கிருமி இவற்றிலிருந்து. சர்க்கரை வியாதியும் பீடியும் ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. அதை மறைத்தால் நாம் தொழிலாளிக்குத் துரோகம் செய்தவர்கள் ஆவோம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்த பிறகே கத்தி வைக்க வேண்டும். அதைக் கவனிக்க வேண்டிய கடமை யாருடையது? தேதி கொடுத்து முன்பணம் வாங்கியவருடையது.

கோவையைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அசல் மான்செஸ்டர் பக்கத்துச் சேதி ஒன்று கேளுங்கள். லங்காஷயரில் ரைட்டிங்டன் என்ற ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் 1960-களின் தொடக்கத்தில் இன்றைய மாற்று இடுப்பு மூட்டுக்கு வழி வகுத்தார். ஆரம்பத்தில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்குச் சீழ் பிடித்தது. அவர் நோயாளியின் கொட்டாயைக் குறை சொல்லவில்லை. தன் ஆபரேஷன் அறையின் காற்றைச் சந்தேகித்தார். யாரிடம் போனார் தெரியுமா? போல்டன் நகரத்து ஹோவொர்த் கம்பெனியிடம். பஞ்சாலைகளுக்குக் காற்றோட்ட யந்திரம் செய்து வந்தவர்கள்! அவர்களோடு சேர்ந்து வடிகட்டிய காற்று இறங்கும் கூண்டு ஒன்று கட்டினார். டாக்டரின் மூச்சுக் காற்றையும் குழாய் வைத்து வெளியே இழுத்தார். பத்து வருஷத்தில் சீழ் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்தது. பிறகு 8,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்களில் பெரிய சோதனை ஒன்று நடத்தி 1982-இல் வெளியிட்டார்கள்: சாதாரண அறையில் 1.5 சதவீதம், சுத்தக் காற்றில் 0.6. கத்தி வைக்கும் முன்பே ஆண்டிபயாடிக் ஊசி போடும் பழக்கம் வந்த பின் இந்தக் கூண்டு அவசியமா என்ற விவாதம் எழுந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2016-இல் அதை வற்புறுத்தத் தேவையில்லை என்றது. அது இருக்கட்டும். குறை எங்கே என்று அவர் முதலில் தன் அறைக்குள் தேடினாரே, அதைத்தான் நாம் சொல்கிறோம். (நம் மில்களிலும் காற்றை ஈரமாக்கி அனுப்பும் பிளான்ட் உண்டு. நூல் அறுந்து போகக்கூடாதே என்ற கவலையில் வைத்தது அது.)

படுக்கையா, மாத்திரையா?

கிருமி கிடைத்துவிட்டது, உலோகத்தையும் கழுவியாயிற்று. இனி மருந்து. ரிஃபாம்பிசின் என்ற பெயர் மில் தொழிலாளிக்குப் புதிதல்ல. மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போகுமே, அந்தக் காசநோய் மருந்துதான். காசநோய்த் திட்டத்தில் சர்க்கார் இலவசமாகக் கொடுப்பது. படலத்துக்குள் தூங்கும் ஸ்டெபிலோகாக்கஸையும் அது தாக்கும். ஸ்விட்சர்லாந்தில் செய்த சிறு சோதனை ஒன்று 1998-இல் வெளியாயிற்று. உலோகத்தை எடுக்காமலே, இன்னொரு மருந்தோடு இதையும் சேர்த்து முழுக்கச் சாப்பிட்ட 12 பேரும் குணமானார்கள். சேர்க்காத 12 பேரில் 7 பேர்தான். பின்னால் நார்வேயில் செய்த சோதனையில் பலன் அத்தனை தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒன்று மட்டும் நிச்சயம்: இந்த மருந்தைத் தனியாகச் சாப்பிட்டால் சில நாளில் கிருமி அதற்குப் பழகிவிடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சரக்கல்ல இது.

எலும்பில் கிருமி என்றால் ஆறு வாரம் படுக்க வைத்து நரம்பில் டிரிப் ஏற்ற வேண்டும் என்பது ரொம்ப காலமாக வேதவாக்கு. ஆறு வாரப் படுக்கை வாடகை என்ன, கூடத் துணைக்கு இருக்கும் மகளின் கூலி என்ன என்று வேதம் ஓதியவர்கள் யோசித்ததில்லை. பிரிட்டனில் 26 ஆஸ்பத்திரிகள், 1,054 நோயாளிகள். பாதிப் பேருக்கு நரம்பு வழியாக, பாதிப் பேருக்கு வாய் வழியாக. முடிவு 2019-இல் வந்தது. தோல்வி, டிரிப்பில் 14.6 சதவீதம், மாத்திரையில் 13.2 சதவீதம். கிருமிக்குத் தக்க மாத்திரையைப் பொறுக்கினால் அது டிரிப்புக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல!

இதைப் படித்தபோது நமக்குச் சென்னை ஞாபகம் வந்தது. சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் காசம் என்றால் சானடோரியத்தில் வருஷக்கணக்காகப் படுக்க வேண்டும். குடிசையில் இருக்கும் ஏழை, அரைவயிற்றுக் கஞ்சி குடிப்பவன், வீட்டில் மாத்திரை சாப்பிட்டுப் பிழைப்பானா என்று பெரிய மனிதர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். சென்னை நகரத்து ஏழை நோயாளிகளையே இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மற்றதை வீட்டிலும் வைத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு: வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமே தன் முறையை மாற்றிக் கொண்டது. சென்னைக் குடிசைவாசி உலகத்துக்குக் கற்றுக் கொடுத்த பாடம் அறுபது வருஷம் கழித்து மூட்டுச் சீழுக்கும் பொருந்தியிருக்கிறது. அந்தச் சென்னை ராஜ்யத்தில் பிறந்த நமக்கு யாராவது ‘ஏழைக்கு மாத்திரை சரிப்படாது, அட்மிட் ஆகுங்கள்’ என்றால் சிரிப்புத்தான் வருகிறது.

ஆனால் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடாது. பிரான்சில் மாற்று மூட்டு நோயாளிகளுக்கு ஆறு வாரமா, பன்னிரண்டு வாரமா என்று பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். ஆறு வாரத்தோடு நிறுத்தியவர்களில் 18 சதவீதம் பேருக்குக் கிருமி போகவில்லை. பன்னிரண்டு வாரம் சாப்பிட்டவர்களில் 9 சதவீதம்தான். சரிபாதி! 

உலோகத்தைப் பிடுங்க நேர்ந்தால்? பழைய முறை இரண்டு ஆபரேஷன். முதலில் எடுத்துவிட்டு மருந்து கலந்த சிமெண்டுக் கட்டியை வைப்பது. மாதக்கணக்கில் காத்திருந்து, இரண்டாவதாகப் புது மூட்டு. சிமெண்டில் மருந்து கலக்கும் வித்தையை 1970 வாக்கில் ஜெர்மனியின் ஹாம்பர்கில் புக்ஹோல்ட்ஸ் என்ற டாக்டர் நடைமுறைக்குக் கொண்டு வந்தார். ஒரே ஆபரேஷனில் எடுத்து வைத்தும் விட்டார். நம்பாதவர்கள் பலர். இடுப்பு மூட்டில் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்த பிரிட்டிஷ் சோதனையின் முடிவு 2022-இல் வந்தது: பதினெட்டு மாதத்தில் பலன் சமம், ஆரம்ப மாதங்களில் ஒரே ஆபரேஷன்காரர்கள் நன்றாக இருந்தார்கள், செலவும் குறைவு. எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. கிருமி இன்னதென்று முன்கூட்டித் தெரிய வேண்டும். பார்த்தீர்களா, மறுபடியும் அதே ஊசியும் குப்பியும்!

விலைச் சீட்டும் கூலிச் சீட்டும்

மத்திய சர்க்காரின் மருந்து விலை ஆணையம் 2017-இல் முட்டி வியாபாரத்தின் கணக்கைக் கிளறியது. இறக்குமதி செய்பவர், ஏஜெண்டு, ஆஸ்பத்திரி என்று கை மாறும்போது ஏறிய லாபம் சராசரி 313 சதவீதம்! சீழ் பிடித்த முட்டிக்கு மாற்றாக வைக்கும் மறு ஆபரேஷன் முட்டி சராசரி 2,76,869 ரூபாய்க்கு விற்றது. அந்த வருஷம் ஆகஸ்டு 16-இல் அதற்கு 1,13,950 ரூபாய் உச்ச வரம்பு வைத்தார்கள். சாதாரண கோபால்ட்-குரோமிய முட்டி 1,58,324-லிருந்து 54,720-க்கு இறங்கியது. ஒரே நாளில் இவ்வளவு இறங்கியும் எந்தக் கம்பெனியும் திவாலாகவில்லை என்றால் அதுவரை நம்மிடம் பிடுங்கியது எவ்வளவு? ஆனால் வரம்பு உலோகத்துக்கு மட்டும்தான். அறை வாடகை, தியேட்டர் கட்டணம், ‘இதர சாமான்கள்’ என்ற பெயர் தெரியாத கலம், இவற்றுக்கு அந்த ஆணையில் வரம்பில்லை. உலோகத்தில் விட்டதை ‘இதர’த்தில் பிடிக்கலாமே!

கூலிக் கணக்கு இன்னும் கசப்பானது. இ.எஸ்.ஐ. திட்டம் இம்மாநிலத்தில் 1955-இல் முதலில் வந்தது நம் கோவைக்குத்தான். நோய்க்கால உதவி 91 நாள், கூலியில் 70 சதவீதம். பன்னிரண்டு வார மாத்திரை என்பது 84 நாள். முதல் ஆபரேஷனுக்கே ஒன்றரை மாதம் செலவாகியிருக்கும். மிச்ச நாளுக்கு உலை எதை வைத்து ஏற்றுவது? ஆகவே என்ன நடக்கிறது? ஆறாவது வாரம் கசிவு நின்றதும் மாத்திரையை மூலையில் வைத்துவிட்டுத் தொழிலாளி ஷிப்டுக்குப் போகிறான். பிரான்சில் எண்ணிய அந்தப் பதினெட்டுச் சதவீதத்தில் சேர்ந்துவிடுகிறான். காசம் போன்ற நீண்ட நோய்களுக்கு இரண்டு வருஷம் வரை 80 சதவீதம் என்று இ.எஸ்.ஐ.யில் ஒரு சலுகை உண்டு. மாற்று மூட்டுச் சீழையும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். தோட்டத்துக் கூலிக்கும் தேங்காய் உரிக்கிறவர்களுக்கும் இ.எஸ்.ஐ.யே கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கு உதவும். 84 நாள் கூலியை அது தராது.

மருந்தும் நம் கையை விட்டுப் போகிறது. பிம்ப்ரியில் 1954-இல் பொதுத் துறையில் ஆண்டிபயாடிக் ஆலை வந்தது. 1961-இல் பிறந்த ஐ.டி.பி.எல்., சோவியத் உதவியோடு ரிஷிகேசத்தில் ஆண்டிபயாடிக்கும், நம் சென்னை நந்தம்பாக்கத்தில் ரண சிகிச்சைக் கருவிகளும் செய்தது. அந்த ஐ.டி.பி.எல்.லை மூடுவதென்று 2016 டிசம்பரில் மந்திரி சபை முடிவெடுத்தது. இன்னொரு பக்கம் கோழித் தீவனம்! கோலிஸ்டின், வேறெந்த மருந்துக்கும் சாகாத கிருமிக்குக் கடைசியாக எடுக்கும் ஆயுதம். கோழி சீக்கிரம் கொழுக்க அதைத் தீனியில் கலந்து வந்தார்கள். 2019 ஜூலையில்தான் தடை வந்தது. உடுமலை, பல்லடம் பக்கத்துக் கோழிக் கொட்டாய்களில் மூட்டை பிரிக்கும் தோழர்கள் மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். மருந்துக்குப் பழகிய கிருமி கொட்டாயோடு நிற்காது.

பதிவேடு விஷயம் ஒன்று பாக்கி. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டீபியூ கம்பெனி விற்ற ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு உலோகத் துகள் உதிர்த்து உடம்பைக் கெடுத்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு வைத்திருந்தார்கள். பின்னால் நிபுணர் குழு தேடியபோது அவர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை! அது கிருமி அல்ல, வேறு கேடு. ஆனால் பாடம் ஒன்றுதான். ஸ்வீடனில் 1975 முதல் ஒவ்வொரு முட்டியையும் ஏட்டில் எழுதுகிறார்கள்: எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கம்பெனி, சீழ் பிடித்ததா, மறு ஆபரேஷன் எப்போது. சட்டப்படி அப்படி ஒரு ஏடு இங்கும் இருந்தால், பலகை வைத்திருக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் நூற்றுக்கு எத்தனை சீழ் என்று பலகைக்குக் கீழேயே எழுத வைக்கலாம்.

நாம் கேட்பது நிலவைப் பிடித்துத் தரச் சொல்வதல்ல. உடுமலை சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தே முட்டி நீரை எடுத்து, வெள்ளணு எண்ணி, பட்டை நனைத்துப் பார்த்து, மிச்ச நீரை அன்றைக்கே திருப்பூர் மருத்துவக் கல்லூரிக்கோ கோவைக்கோ அனுப்ப ஏற்பாடு வேண்டும். எழுபது கிலோமீட்டர் நோயாளி நொண்டிக் கொண்டு போக வேண்டியதில்லை, குப்பி போகட்டும். கோவையில் பதினாலு நாள் கல்ச்சரும் ஒரு அதிர்வுத் தொட்டியும் வேண்டும். முட்டி வைத்த தனியார் ஆஸ்பத்திரி, ஒரு வருஷத்துக்குள் சீழ் வந்தால் தன் செலவில் திறந்து கழுவித் தர வேண்டும். அட்வான்ஸ் வாங்கும்போதே அதை எழுதிக் கொடுக்கட்டும். பம்புசெட்டு மோட்டார் விற்கிறவன்கூட ஒரு வருஷ கியாரண்டி தருகிறானே!

தோழர்கள் இதற்கிடையே தாங்களாகச் செய்யக் கூடியதும் உண்டு. புது முட்டி வைத்தவர் யாருக்காவது தையலில் ஒரு வாரத்துக்கு மேல் கசிவு நிற்கவில்லை, முட்டி சிவந்து சூடாக இருக்கிறது, நன்றாக நடந்த காலில் வருஷம் கழித்துத் திடீர் வலி என்றால் மருந்துக் கடையில் நின்று மாத்திரை கேட்காதீர்கள். வைத்த டாக்டரிடம் போய், ‘முதலில் நீர் எடுத்துப் பாருங்கள், பிறகு மருந்து கொடுங்கள்’ என்று கேளுங்கள். தோலில் துளை விழுந்து உள்ளிருந்து சீழ் வந்தால் வேறு சாட்சியமே வேண்டாம், அது முட்டியின் கிருமிதான். குளிர் காய்ச்சல் தூக்கிப் போட்டால் மட்டும் எதற்கும் காத்திராமல் அந்த மணியே பெரிய ஆஸ்பத்திரிக்கு.

அந்த அம்மாவுக்குக் கடைசியில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் உலோகத்தைப் பிடுங்கினார்கள். ஐந்து துணுக்கு எடுத்தார்கள், கிருமி அகப்பட்டது. இப்போது சிமெண்டுக் கட்டியோடு வாக்கரைப் பிடித்துக் கொண்டு திண்ணைக்கும் அடுப்புக்கும் நடக்கிறார். மாத்திரை இன்னும் 31 நாள். மில்லிலிருந்து ஒருவர் வந்து, வேறு ஆள் போடட்டுமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நாம் எழுதப் போகிறோம் என்றதும் அவர் சொன்னது ஒன்றுதான்: “என்ற பேரப் போட்டுறாதீங்க. திரும்ப வேலைக்குப் போகோணும்.”